வெள்ளாமையின் ஓலை கருகினால்: உங்கள் வட்டையில் நிற்கும் கிருமித் திரிபைக் கண்டுபிடிக்கும் வழி

மார்கழி மழையும் வாடைக்காற்றும் ஒரு கிழமை விடாமல் அடித்து ஓய்ந்த பிறகு மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் வயலுக்குப் போனால் வரம்பில் நிற்கும்போதே தெரிந்துவிடும், பச்சையாக இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் நிறத்தில் ஒரு திட்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் ஓலை நுனியில் தொடங்கி இரண்டு ஓரமும் வெளிறி, அந்த வெளிறல் அலை அலையாய்க் கீழே இறங்கியிருக்கும். மூன்று போகத்துக்கு முன்னர் எங்கள் மாமாவின் வயலில் இது வந்தபோது அவர் என்னிடம் கேட்டார்: "என்ன மனே, இது தாங்குற இனம் எண்டுதானே தந்தவங்க?" அதே விதைநெல்லை அதே வீட்டிலிருந்து எடுத்துப்போய் வேறு வட்டையில், அதாவது வேறு வயல்வெளியில், விதைத்த பெரியப்பாவின் வயலில் நுனி மட்டும்தான் காய்ந்திருந்தது.

அந்தக் கேள்விதான் என்னை இந்த நோயைப் படிக்க வைத்தது. பக்டீரியா இலைக் கருகல் என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குள் இருக்கும் கிருமி பல திரிபுகளாகப் பிரிந்து கிடக்கிறது, ஒரு நெல் இனம் ஒரு திரிபைத் தாங்கிவிட்டு இன்னொரு திரிபுக்குப் படுத்துவிடும். ஆகவே "இது தாங்கும்" என்று யாராவது விதை தந்தால், எந்தத் திரிபை என்று கேட்க வேண்டும். அதற்கு ஆய்வுகூடம் மட்டும்தான் பதில் சொல்ல முடியும் என்றில்லை, பாதிப் பதிலை நம் வயலிலேயே எடுக்கலாம். எப்படி என்று என்னால் முடிந்த அளவு விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில், இது அதுதானா?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மாமாவுக்கு முதல் நாள் ஒரு கடையில் பூஞ்சணக் கொல்லியை விற்றுவிட்டார்கள், எரிபந்தம் என்று சொல்லி. இரண்டு தாங்கி அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது, ஏனென்றால் எரிபந்தப் பூஞ்சணத்துக்கான மருந்து பக்டீரியாவைக் கொல்லாது. எரிபந்தம் என்றால் ஓலையில் கண் வடிவில் தனித்தனிப் புள்ளிகள் வரும், நடுவில் சாம்பல் நிறம், இரண்டு முனையும் கூர். வாவியோர வயல்களில் உவர் ஏறினாலும் நுனி காயும், பொட்டாசு குறைந்தாலும் ஓரம் காயும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்வது கஷ்டம்.

ஒரு கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். வெளிறிய பகுதியும் பச்சைப் பகுதியும் சந்திக்கும் இடம் உள்ளே வரும்படி இரண்டு அங்குல ஓலைத் துண்டு ஒன்றைப் புது பிளேட்டால் வெட்டுங்கள். அதைத் தண்ணீருக்குள் போட்டுவிடாமல், வெட்டு முனை மட்டும் தண்ணீரில் முட்டும்படி ஒரு ஈர்க்குக் கவையில் மாட்டித் தொங்கவிடுங்கள். பின்னால் ஒரு கறுப்புத் துணி. சில நிமிடத்தில் வெட்டு முனையிலிருந்து சாம்பிராணிப் புகை தலைகீழாக இறங்குவது போல வெள்ளையாக ஒரு நூல் வடியும். அது கிருமிக் கூட்டம், கோடிக்கணக்கில். பக்கத்திலேயே இன்னொரு கிளாஸில் நல்ல ஓலை ஒன்றையும் இப்படியே வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கத்தான். உவரிலோ பொட்டாசுக் குறைவிலோ காய்ந்த ஓலையில் எதுவும் வடியாது.

விடியற்காலையில் போனால் இன்னொன்றும் பார்க்கலாம், ஓலை ஓரத்தில் பால் கலந்த மாதிரி சிறு துளிகள், வெயில் ஏறக் காய்ந்து மஞ்சள் மணிகளாகும். இந்தக் கிருமியின் மஞ்சள் அதன் பெயரிலேயே இருக்கிறது: சாந்தோமோனாஸ் ஒரைசே. கிரேக்கத்தில் சாந்தோஸ் என்றால் மஞ்சள்.

ஒரு எச்சரிக்கை. ஓலை நரம்புகளுக்கு நடுவில் மெல்லிய கோடு கோடாக, வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊடுருவித் தெரிகிற மாதிரி இருந்தால் அது இலைக்கீற்று நோய். அதுவும் வடியும். அதே கிருமி இனத்தின் இன்னொரு பிரிவுதான் அது. கருகல் கிருமி ஓலை ஓரத்தில் நீர் கசியும் துளைகளாலும் காயங்களாலும் நுழைந்து நீர்க்குழாயில் குடியிருக்கும், கீற்றுக் கிருமி மூச்சுத் துளையால் நுழைந்து சதைப் பகுதியில் குடியிருக்கும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே பழக்கம் இவ்வளவு மாறுகிறது.

துருசும் கள்ளக் கட்டளையும்

திரிபுகள் ஏன் வேறுபடுகின்றன என்பது புரிந்தால்தான் பின்னால் சொல்லும் வேலைகளுக்கு அர்த்தம் இருக்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நெற்பயிருக்குள் சர்க்கரையைக் கலத்துக்கு வெளியே விடும் வாயில்கள் சில இருக்கின்றன, ஸ்வீட் என்று பெயர், எண் போட்டிருக்கிறார்கள். அவற்றைக் குளத்துத் துருசு (மதகு) என்று நினைத்துக்கொள்ளுங்கள். பயிர் தனக்குத் தேவையான நேரத்தில் தேவையான துருசைத் திறக்கும். கருகல் கிருமி என்ன செய்கிறது என்றால், ஊசி மாதிரி ஒரு உறுப்பால் தன் புரதங்களைப் பயிரின் கலத்துக்குள் ஏற்றுகிறது. அந்தப் புரதம் நேரே பயிரின் டிஎன்ஏக்குப் போய், குறிப்பிட்ட துருசின் மரபணுவுக்கு முன்னால் எழுதியிருக்கும் எழுத்துகளை வாசித்து அங்கே ஒட்டிக்கொண்டு, "திற" என்று கட்டளை போடுகிறது. கள்ளக் கட்டளை. துருசு திறக்கும், சர்க்கரை கிருமிக்குப் பாயும். இந்தப் புரதங்களின் பெயர் டால். இவை எழுத்தை வாசிக்கும் முறையை இரண்டு ஆய்வுக் குழுக்கள் 2009இல் கண்டுபிடித்தன: புரதத்துக்குள் ஏறக்குறைய 34 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு துண்டிலும் 12ஆம் 13ஆம் இடங்கள் மட்டும் மாறுகின்றன, அந்த இரண்டு இடம்தான் எந்த டிஎன்ஏ எழுத்தைப் பிடிப்பது என்று முடிவு செய்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். ஒரு திரிபின் டால் புரதம் 11ஆம் துருசுக்குக் கட்டளை போடும், இன்னொரு திரிபினுடையது 14ஆம் துருசுக்கு. பிலிப்பைன்ஸில் பிடிபட்ட, உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் பாவிக்கப்படும் ஒரு திரிபில் இப்படி 19 டால் மரபணுக்கள் இருக்கின்றன, ஆபிரிக்கத் திரிபுகளில் இதைவிடக் குறைவு. சில நெல் இனங்களில் எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணு இருக்கிறது. அது வேறொன்றுமில்லை, 11ஆம் துருசின் முன்னால் இருக்கும் எழுத்து மாறிப்போயிருக்கிறது, கிருமியின் கட்டளை ஒட்டாது. ஆனால் 14ஆம் துருசைத் திறக்கத் தெரிந்த திரிபு உங்கள் வயலுக்கு வந்தால் அந்த எதிர்ப்பு அதன் முன்னால் ஒன்றும் செய்யாது. தாங்கும் இனம் தாங்காமல் போவது இப்படித்தான். விதை தந்தவர் பொய் சொன்னார் என்று உடனே நினைக்க வேண்டாம்.

எக்ஸ்ஏ5 என்பது வேறு வகை, அதில் துருசு திறப்பவரின் கை மாறியிருக்கிறது, கட்டளை வந்தாலும் சரியாக வேலை நடக்காது. மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து எடுத்த எக்ஸ்ஏ21 இன்னொரு வகை, அது கிருமியின் வாசனையைப் பிடிக்கும் காவலாளி மாதிரி. 1995இல் கலிபோர்னியாவில் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதையும் தாண்டிப் போகும் திரிபுகள் பிறகு சில நாடுகளில் பிடிபட்டன. இன்று இப்படிப் பெயரிட்ட எதிர்ப்பு மரபணுக்கள் 40க்கும் மேல்.

இந்தக் கிருமியின் டிஎன்ஏ சுமார் 50 லட்சம் எழுத்து நீளம். அதற்குள் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் ஏராளம், அவை தாவும்போது மரபணுக்கள் உடையும், இரட்டிக்கும், இடம் மாறும். டால் மரபணுக்களும் உள்ளே ஒரே மாதிரித் துண்டுகளால் ஆனவை என்பதால் ஒன்றோடொன்று கலந்து புதிதாக உருவாகும். இவ்வளவு மாறக்கூடிய ஒரு கிருமிக்கு முன்னால் ஒரு வட்டை முழுக்க ஒரே இனத்தை வருடக்கணக்கில் விதைத்தால் என்ன நடக்கும்? பிலிப்பைன்ஸில் 1970களின் தொடக்கத்திலிருந்து எக்ஸ்ஏ4 கொண்ட இனங்கள் பெருமளவு பரவின, முன்பு அதிகமாக இருந்த திரிபு பின்தங்கி அந்த மரபணுவைத் தாண்டத் தெரிந்தவை மேலே வந்தன. கிருமியை மாற்றியது விதைத் தெரிவுதான். இந்தியாவில் 2008இல் வெளியிட்ட மேம்படுத்திய சம்பா மசூரியில் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 மூன்றையும் ஒன்றாகச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான், ஒரே நேரத்தில் மூன்று தடையைத் தாண்டுவது கிருமிக்குக் கடினம்.

பார்வைத் துண்டு போடுவது

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் உண்மையாகவே செய்ய வேண்டிய வேலை. ஆய்வுகூடத்தில் திரிபுகளைப் பிரிக்க ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவையும் தனித்தனியாகக் கொண்ட நெல் வரிசைகளை நட்டு, எது கருகுகிறது எது நிற்கிறது என்று பார்ப்பார்கள். நாமும் அதையே சிறிதாகச் செய்யலாம்.

வருடா வருடம் கருகல் வரும் மூலையைத் தெரிவு செய்யுங்கள். நான்கைந்து இனம் போதும். ஒன்று நீங்கள் வழக்கமாக விதைப்பது. ஒன்று கட்டாயம் எளிதில் கருகும் என்று ஊருக்கே தெரிந்த இனமாக இருக்க வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன். மிச்சம் இரண்டு மூன்றை விவசாயத் திணைக்களத்தின் இனப் பட்டியலைப் பார்த்து எடுங்கள், ஒவ்வொரு இனத்துக்கும் பக்டீரியா இலைக் கருகலைத் தாங்கும், ஓரளவு தாங்கும், தாங்காது என்று குறித்திருப்பார்கள், விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் காட்டுவார். (பெயரில் பிஜி என்று தொடங்கினால் பத்தலகொடையில் உருவானது, ஏடி என்றால் அம்பலாந்தோட்டை. பிறப்பிடம் வேறாக இருப்பவற்றைக் கலந்து எடுப்பது நல்லது, எல்லாமே ஒரே தாய் வழியில் வந்தால் ஒரே எதிர்ப்பு மரபணுவைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.) வயது கிட்டத்தட்ட ஒத்துப்போகும் இனங்களாகப் பாருங்கள், மூன்று மாத இனத்தையும் நாலரை மாத இனத்தையும் பக்கத்தில் வைத்தால் புயல் அடிக்கும்போது ஒன்று கதிர் தள்ளியிருக்கும், மற்றது இளம் பயிராக நிற்கும், ஒப்பீடே பிழைத்துவிடும்.

ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், இடையில் ஓரடி வெளி. இதே தொகுதியை வயலின் இன்னொரு பக்கத்திலும் ஒரு தடவை போடுங்கள், வேறு ஒழுங்கில். ஒரே நாள் விதைப்பு, ஒரே நாள் பசளை, ஒரே அளவு யூரியா. இந்த யூரியா விஷயத்தில் கை தளர விடாதீர்கள், ஏனென்றால் தழைச்சத்து கூடினால் எந்த இனமும் கூடக் கருகும். மாமாவின் வயலும் பெரியப்பாவின் வயலும் வேறுபட்டதற்குத் திரிபு காரணமா யூரியா காரணமா என்று அந்த வருடம் எங்களால் பிரித்துச் சொல்ல முடியாமல் போனதே இதனால்தான், இருவரும் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி வைக்கவில்லை.

நோயை வேண்டுமென்று பூச வேண்டாம். ஆய்வுகூடத்தில் கத்தரிக்கோலைக் கிருமிக் கரைசலில் தோய்த்து ஓலை நுனியை வெட்டுவார்கள், 14 நாள் கழித்துக் கருகிய நீளத்தை அளப்பார்கள். அதை வயலில் செய்தால் பக்கத்து வயற்காரனுக்கு நீங்களே நோயைக் கொடுத்ததாக ஆகும். மாரி காற்றும் மழையும் அந்த வேலையைத் தாமாகவே செய்யும்.

பலமான மழைக்காற்று ஓய்ந்து இரண்டு கிழமையில் முதல் அளவு, பிறகு கதிர் வரும் நேரத்தில் இன்னொன்று. துண்டுக்குள் குறுக்கே நடந்து கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற மாதிரி பத்துத் தண்டு பிடியுங்கள், கருகியதாகத் தேடிப் பிடிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் மேலிருந்து இரண்டாவது ஓலையின் முழு நீளம், கருகிய நீளம் இரண்டையும் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். போனில் படமும் எடுங்கள், அடிமட்டம் படத்தில் தெரிய வேண்டும். ஈர ஓலைக்குள் இறங்க வேண்டாம், வெயில் ஏறி ஓலை காய்ந்த பிறகு போங்கள், கையும் உடுப்பும் கிருமியைக் காவும்.

இனி அந்த எண்களை வாசிப்பது. எளிதில் கருகும் இனமே கருகவில்லை என்றால் அந்தப் போகம் நோய் வரவில்லை, அவ்வளவுதான், மற்றவை தாங்கின என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அந்த இனத்தை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். எல்லாமே கருகியிருந்தால் யூரியாவையும் தண்ணீரையும் முதலில் சந்தேகப்படுங்கள். சில நின்று சில கருகியிருந்தால், அதுவும் இரண்டு தொகுதியிலும் அதே ஒழுங்கில் கருகியிருந்தால், உங்கள் வயலில் நிற்கும் திரிபின் கைரேகை அதுதான். இதே இனங்களை இதே யூரியா அளவோடு வேறு வட்டையில் உங்கள் சொந்தக்காரர் ஒருவரும் போட்டு, அங்கே ஒழுங்கு மாறியிருந்தால், இரண்டு வட்டையிலும் வேறு வேறு திரிபு என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட ஒன்றை உற்றுப் பாருங்கள்: நன்றாக நிற்கும் துண்டுக்குள் ஒன்றிரண்டு பயிர் மட்டும் மோசமாகக் கருகியிருந்தால். விதைக் கலப்பாக இருக்கலாம், கதிர் வந்ததும் நெல்லின் உருவத்தைப் பார்த்தால் தெரியும். கலப்பு இல்லையென்றால், அந்த இனத்தைத் தாண்டத் தெரிந்த திரிபு வந்து இறங்கியிருக்கக் கூடும். மாதிரிக்கு எடுக்க வேண்டிய முதல் ஓலை அந்தப் பயிருடையது.

மாதிரி அனுப்புவது

மருந்து எதுவும் அடிக்க முன் எடுங்கள். முழுதும் காய்ந்த ஓலை உதவாது, மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் கரை இருக்கும் புது ஓலை வேண்டும். பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டு போனால் உள்ளே வியர்த்து அழுகி வேறு பக்டீரியா மூடிவிடும். கருகல் கிருமி ஆய்வுகூடத் தட்டில் மெதுவாக வளர்வது, மூன்று நான்கு நாள் எடுக்கும், அதற்குள் விரைவாக வளரும் வேறு மஞ்சள் பக்டீரியாக்கள் முந்திவிடும். பத்திரிகைத் தாளுக்குள் ஓலையை விரித்து, காகித உறையில், நிழலில். ஒரு உறைக்குள் ஒரு ஓலை மட்டும், ஏனென்றால் ஒரே வயலில் இரண்டு திரிபு இருக்கலாம், சேர்த்துக் கட்டினால் அந்தச் செய்தி அழிந்துவிடும். உறையில் திகதி, வட்டையின் பெயர், இனம், விதை எங்கிருந்து வந்தது, யூரியா கடைசியாகப் போட்ட நாள்.

கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. உங்கள் ஒரு வயல் ஓலையை மட்டும் கொண்டு போவதைவிட ஐந்து வட்டையிலிருந்து சேர்த்து, கொப்பியோடு கொண்டு போனால் ஆய்வு செய்பவர்களுக்கும் அது பெறுமதியான பொருள், ஒரு மாணவரின் ஆய்வாகவே மாறலாம்.

அறிக்கை வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: இது உறவுமுறையா, வலிமையா? டிஎன்ஏயைப் பெருக்கிப் பட்டைக் கோடுகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை திரிபுகளின் உறவுமுறையைச் சொல்லும், யார் யாருக்குக் கிட்டச் சொந்தம் என்று. எந்த நெல்லைக் கருக்கும் என்பது நெல் வரிசைகளில் பூசிப் பார்த்தால்தான் தெரியும். கோடு ஒன்றாக இருக்கும் இரண்டு திரிபு வேறு வேறு இனங்களைக் கருக்கலாம். முழு டிஎன்ஏயும் வாசித்தோம் என்று சொன்னால், நீள வாசிப்பா குறுகிய வாசிப்பா, அதாவது நீண்ட துண்டுகளாக வாசித்தார்களா சிறு துண்டுகளாகவா என்று கேளுங்கள். டால் மரபணுவுக்குள் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவதால் குறுகிய வாசிப்பில் அந்த இடம் சிக்கிப் போகும், நமக்குத் தேவையான செய்தியோ அங்கேதான் இருக்கிறது.

இந்தப் போகம் கருகல் தொடங்கிவிட்டவர்களுக்கு

தொடங்கிய பிறகு அடித்து நிறுத்தக்கூடிய மருந்தை நம்பிக் காசு கொட்டாதீர்கள். யூரியாவை நிறுத்துங்கள், பொட்டாசு பாக்கி இருந்தால் போடுங்கள், தேங்கிய தண்ணீரை வடியுங்கள், ஆனால் அந்தத் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போகாமல் நேரே கழிவு வாய்க்காலுக்குப் போகட்டும். அறுவடைக்குப் பிறகு கட்டைப் பயிர் தழைத்து நிற்க விடாதீர்கள், வரம்போரப் பன்றிநெல்லையும் புடுங்குங்கள், அடுத்த போகம் வரை கிருமி தங்கும் வீடுகள் அவை.

அடுத்த போகத்து ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும்போது கொப்பியைக் கொண்டு போங்கள். எங்கள் வட்டையில் போன தடவை மாமாதான் எழுந்து அளவுகளை வாசித்தார், நான் அல்ல. வாய்க்காலுக்கு மேற்கே ஒரு இனம், கிழக்கே இன்னொன்று என்று பிரித்து விதைக்க அரைவாசிப் பேர் சம்மதித்தார்கள். பார்வைத் துண்டுகளில் அறுத்த நெல்லை நாங்கள் விதைக்கு எடுக்கவில்லை, இனங்கள் ஓரடி இடைவெளியில் நின்றவை, அவித்துச் சோற்றுக்கு வைத்துக்கொண்டோம்.